புரொப்பெல்லரில் சுற்றிய கயிறு

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் கால்வாயில் எங்கள் நாரோபோட் (குறுகலான, நீளமான கால்வாய்ப் படகு) திடீரென வேகம் குறைந்து, என்ஜின் முனகி, கரும்புகை தள்ளியது. புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிவிட்டது; நகரத்துக் கால்வாய்களில் இது சகஜம். கரையோரம் கட்டி, என்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த விஷயத்தில் அவசரமே கூடாது.

பின்தளத்துக்கு அடியில், புரொப்பெல்லருக்கு நேர்மேலே, 'வீட் ஹேட்ச்' என்ற மூடி இருக்கும். திறந்து, கையுறையோடு தோள்வரை கையை விட்டேன். விறைக்கும் குளிர். நீல நைலான் கயிறும் கிழிந்த துணியும் தண்டோடு இறுகிக் கிடந்தன. இழுத்தால் வராது, ரொட்டி வெட்டும் பல்கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மூடியின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, திருகை நன்றாக இறுக்கி, மறுபடி என்ஜினைக் கிளப்பி, கியர் போட்டு, டார்ச் அடித்துக் கசிவு பார்த்தேன். மூடி சரியாக உட்காராவிட்டால் புரொப்பெல்லர் வாரியடிக்கும் தண்ணீர் உள்ளே ஏறிப் படகே மூழ்கிவிடும். அறுத்த குப்பையைப் பையில் கட்டிக் கூரைமேல் வைத்தேன். கால்வாயிலேயே போட்டால் அடுத்து வரும் படகுக்கும் இதே பாடுதான்.