பிளக்கைப் பிடுங்கியும் கம்ப்யூட்டர் போனது ஏன்? இடி மின்னல் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை மழை தொடங்கிவிட்டால் என் சர்வீஸ் மேசையில் இடம் இருக்காது. ராத்திரி இடி இடித்தால் காலையில் கடை திறப்பதற்குள் ரெண்டு மூன்று பேர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஐப்பசி அடைமழையிலும் இதே கதைதான்.

போன வருஷம் சித்திரையில் ஒரு கல்லூரி மாணவி தன் அம்மாவோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது. “அண்ணா, நான் பிளக்கையே பிடுங்கி வெச்சிருந்தேன். அப்புறம் எப்படிப் போச்சு?” என்று கேட்டாள். மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதித்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம் இன்டர்நெட் வயர் செருகும் லேன் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே இருக்கும் எட்டு ஊசிகளில் மூன்று கறுத்து வளைந்திருந்தன. அதற்குப் பக்கத்துச் சிப்பின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பள்ளம். போர்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் கருகின வாடை. அவர்கள் வீட்டு இன்டர்நெட் வயர் அடுத்த தெரு மொட்டை மாடியிலிருந்து, நடுவில் ஒரு கொய்யா மரத்தில் கட்டி இழுத்து வந்தது. பவர் பிளக்கைப் பிடுங்கியவள் அந்த வயரை அப்படியே விட்டுவிட்டாள்.

நான் பார்க்கிற தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான். மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. ஒரு மின்னலில் பல்லாயிரம் ஆம்பியர் கரண்ட் மைக்ரோ செகண்டுகளில் ஏறி இறங்குகிறது. அது சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும், பக்கத்தில் நீளமாக ஓடுகிற எந்த உலோகக் கம்பியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். லேன் போர்ட்டுக்குள் சின்னத் தடுப்பு டிரான்ஸ்பார்மர் உண்டு, ஆனால் அது தாங்குவதற்கு வடிவமைக்கப்பட்டது சுமார் 1500 வோல்ட்தான். மாடி விட்டு மாடி தாவி வரும் வயருக்கு அது போதாது.

ஆகவே பிடுங்கும்போது எல்லா வயரையும் கணக்கில் எடுங்கள். கேபிள் டிவி வயர், லேண்ட்லைன் வயர் இரண்டும் வெளியிலிருந்து வருகிறவை. சிபியூவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மானிட்டரையும் பிரிண்டரையும் அப்படியே விடுவதும் தவறு. அவற்றின் வழியே வரும் கரண்ட் எச்டிஎம்ஐ வயரிலும் யுஎஸ்பி வயரிலும் சிபியூவுக்குள் போய்விடும். “எங்க வீட்ல ஃபைபர், கண்ணாடி இழைல கரண்ட் வராதே” என்பார்கள். இழையில் வராது, உண்மைதான். ஆனால் பலம் கொடுப்பதற்காகப் பல ஃபைபர் கேபிள்களில் இரும்புக் கம்பி ஒன்று கூடவே ஓடும். அதோடு ஃபைபர் மோடமின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது? அங்கிருந்து லேன் வயர் நேரே உங்கள் கம்ப்யூட்டருக்கு. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வைஃபை மட்டும் இருந்தால் இந்தக் கவலை இல்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் லேப்டாப்தான் இடி நேரத்தில் எல்லாவற்றையும்விடப் பத்திரம்.

சரி, சுவிட்சை ஆஃப் செய்தால் போதாதா? மேகத்திலிருந்து சில கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு, சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி பெரிதில்லை. இன்னொன்று, நம் சுவிட்ச் போர்டில் இருப்பது பேஸை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச். நியூட்ரலும் எர்த்தும் எப்போதும் இணைந்தேதான் இருக்கும்.

பிடுங்கும் நேரமும் முக்கியம். தலைக்கு மேல் இடி முழங்கும்போது ஓடிப்போய் வயர்களைக் கையால் பிடித்து இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் எந்த வயரையும் தொட வேண்டாம், கம்ப்யூட்டர் போனால் போகட்டும். வானம் கறுக்கும்போதே, ஊருக்குக் கிளம்பும்போதே பிடுங்கிவிடுவதுதான் முறை. திரும்பச் செருகுவதற்குக் கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள்.

“யூபிஎஸ் இருக்கே”

இதைச் சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் ஆஃப்லைன் வகை. வெளியில் கரண்ட் இருக்கும்வரை அதையேதான் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். மின்னல் சர்ஜ், அதாவது திடீரென்று எகிறும் வோல்டேஜ், வந்து போவதோ மைக்ரோ செகண்டுகளில். யூபிஎஸ் முழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஸ்டெபிலைசரும் அப்படித்தான். வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்குவதைச் சரிசெய்யத்தான் அது. எம்சிபி ஓவர்லோடுக்கு, ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து மனிதரைக் காப்பாற்ற. இவை எதுவும் மின்னலுக்கான வேலையைச் செய்யாது.

அதற்கென்றே இருப்பது ஸ்பைக் கார்ட். ஆனால் அந்தப் பெயரில் விற்கிற பெட்டியையெல்லாம் நம்பாதீர்கள். மலிவான பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரு சுவிட்ச், ஒரு விளக்கு, ரெண்டு மூன்று தகடு, அவ்வளவுதான். உண்மையான ஸ்பைக் கார்டுக்குள் காசு வடிவத்தில் வட்டமான எம்ஓவி இருக்கும். துத்தநாக ஆக்சைடில் செய்தது. வோல்டேஜ் அளவு மீறினால் அது வழி திறந்து, அதிகப்படியானதை எர்த்துக்குத் தள்ளிவிடும். பெட்டியின் மேல் எத்தனை ஜூல் (எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதன் அளவு) என்று போட்டிருக்கிறதா, பாதுகாப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் தனி விளக்கு இருக்கிறதா, பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு அடியிலும் எம்ஓவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியது இன்று வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகத்தான் இருக்கும். வசதி இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டிலேயே டைப் 2 எஸ்பிடி (சர்ஜைத் தடுக்கும் கருவி) ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். அப்போது வீடு முழுவதற்கும் முதல் அரண் கிடைக்கும், மேசையில் உள்ள ஸ்பைக் கார்ட் இரண்டாவது அரணாகும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை எர்த். எர்த்துக்குத் தள்ள வேண்டும் என்றால் எர்த் இருக்க வேண்டுமே! மூணு பின் பிளக்கில் மேலே தடியாக இருக்கும் பின் எதற்கு என்று தெரியாமல் ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டுவிடுகிறார்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டையில் வயரே இருக்காது. சிபியூவின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா? அனேகமாக எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். எர்த் குழி இருந்தால் கோடையில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே எர்த் பின்னோடு இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் சிபியூ பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

மின்னல் இல்லாத நாளிலும்

இடியே இடிக்காத நாளில் தெருவில் பத்து வீட்டில் டிவி போனது என்றால் அது பெரும்பாலும் நியூட்ரல் கட். காற்றில் கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட் வரைகூட வந்துவிடலாம். ஒரு பல்பு கண் கூசும்படி எரியும், இன்னொன்று மங்கும், ஃபேன் இரைச்சலோடு சுற்றும். அதைப் பார்த்த நொடியே மெயினை அணையுங்கள், அப்புறம் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். இங்கே ஸ்பைக் கார்டை நம்ப முடியாது. கண நேர அடியைத் தாங்கத்தான் எம்ஓவி. நிமிஷக்கணக்கில் 400 வோல்ட் நின்றால் அதுவே எரிந்து தீப்பிடிக்கக்கூடும். இதற்கு வேண்டியது வோல்டேஜ் கூடினால் தானாகத் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர். கரண்ட் போய் வந்தவுடனேயும் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள், பத்து நிமிஷம் பொறுங்கள்.

போன பிறகு

பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பது, பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்ப்பது, இரண்டும் பிழைத்த பாகத்தையும் சேர்த்துக் கொல்லக்கூடியவை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க் சுற்றவில்லை என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பலவற்றில் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஒரு சின்ன டையோடு உண்டு. அது ஷார்ட் ஆகி நின்றிருக்கும், தட்டில் இருக்கும் தகவல் அப்படியே இருக்கும். அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கும், அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் மதர்போர்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கை என் மெஷினில் மாட்டியபோது அவளுடைய புராஜெக்ட் ஃபோல்டர் திறந்தது. அங்கேயே நின்று பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கப்போவதாக அவள் அம்மா சொன்னார். வாங்கினால் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள், காப்பி முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.