எழுந்து பசியாறு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். அவர் இறந்த பிறகு நாலு மாதம் நான் காலையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. விடியலில் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

சபையிலிருந்து வந்தவர்கள், "அழாதீங்க, அவர் ஆண்டவரிடம் இருக்கார்" என்றார்கள். நல்ல மனதுதான். ஆனால் அழுவதற்கே கூச்சமாகிவிட்டது. போதகரின் மனைவிதான் அதைத் தெளிய வைத்தார். பைபிளில் அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்று. துக்கிக்கவே கூடாதென்று அல்ல. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டாரே!

அப்புறம் பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ், சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். அங்கே வந்த தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். சுட்ட அடை, தண்ணீர், அவ்வளவுதான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை, இரண்டாம் தடவையும் வந்து எழுப்புகிறான்.

மறுநாள் ஒரு தோசை சுட்டேன். பாதிதான் இறங்கியது. சரி, தனியாக முடியாது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம், காலையில் ஒரு குரல் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தினமும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். வேலியருகே நின்று "பசியாறியாச்சா?" என்பார். என் தூதன் நீங்கள்தான் என்றால் சிரிப்பார்.

இப்போது அவருக்கும் சேர்த்தே சுடுகிறேன். வீட்டுக்காரரின் மோட்டார் சாவி மட்டும் இன்னும் ஆணியில் தொங்குகிறது.