இருவராக மூன்று நாள் டிரையத்லான்: வடசென்னையிலிருந்து தயாராவது எப்படி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த மூன்று நாள் டிரையத்லானில் நண்பரோடு அணியாக இறங்குவதென்று முடிவு செய்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, போட்டியின் விதிப்புத்தகத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. ‘அணி’ என்ற ஒரே சொல் இரண்டு வேறுவேறு போட்டிகளைக் குறிக்கும். ஒன்றில் நீச்சலை ஒருவரும் சைக்கிளை மற்றவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். அது தொடரோட்டத்தைப் போன்றது. மற்றொன்றில் இருவருமே எல்லாத் தூரத்தையும் கடக்க வேண்டும். இரண்டாமவர் கோட்டைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் நிற்கும். நான் இங்கே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கானது.

தூரங்களுக்கு ஓர் அளவுகோலாக, 1983இல் ஹவாயில் தொடங்கிய அல்ட்ராமேன் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் 10 கிலோமீட்டர் கடல் நீச்சலும் 145 கிலோமீட்டர் சைக்கிளும், இரண்டாம் நாள் 276 கிலோமீட்டர் சைக்கிள், மூன்றாம் நாள் 84.3 கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொரு நாளுக்கும் 12 மணி நேரமே கெடு. அதில் ஒவ்வொருவரும் தனித்தே போட்டியிடுகிறார்கள் என்றாலும், தூரத்தை நாட்களாகப் பிரிக்கும் முறை பல மூன்று நாள் போட்டிகளுக்கும் பொதுவானது என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்க அது உதவும். நீச்சலுக்கு நான்கு மணி நேரம் ஆனால் முதல் நாளின் சைக்கிளுக்கு எட்டு மணி நேரம் மிஞ்சும். மணிக்கு 18 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் போதும். மூன்றாம் நாள் ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்பது மெல்லோட்டமும் நடையும் கலந்தாலே எட்டக்கூடிய வேகம். ஆனால் இரண்டாம் நாளில், மொத்தமாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டாலும், மீதி நேரமெல்லாம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாக வேண்டும். பார்ப்பவர்கள் ஓட்டத்தைக் கண்டுதான் மலைப்பார்கள். அணிகளை வீட்டுக்கு அனுப்பிவைப்பது பெரும்பாலும் சைக்கிள் நாள்தான். அதனால் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் சைக்கிளுக்கே ஒதுக்குங்கள்.

வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் பலகை உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் ஊறியவர்களுக்கு இந்தப் போட்டியின் சூட்சுமத்தை விளக்க வேண்டிய அவசியமில்லை: நாம் எத்தனை காயைப் போட்டோம் என்பதோடு, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்குப் பலகையை எப்படி விட்டுவைத்தோம் என்பதையும் பார்த்தே அடிக்க வேண்டும். நானும் தண்டையார்பேட்டை நண்பர் ஒருவரும் முதன்முறை இறங்கியபோது இதை நான் மறந்துபோனேன். இரண்டாம் நாள் காலையில் கால்கள் நன்றாக இருந்ததால் நானே முன்னால் நின்று இழுத்தேன். பின்னால் வந்தவர் என் சக்கரத்தை விடக்கூடாதென்ற ரோஷத்தில் மூன்று மணி நேரம் தண்ணீர்ப் புட்டியைத் தொடவே இல்லை. நண்பகலில் அவர் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். நான் சேமித்ததாக நினைத்த பத்து நிமிடத்துக்கு ஐம்பது நிமிடம் திருப்பிக் கொடுத்தோம்.

நீச்சலில் தொடங்குவோம். வீட்டு வாசலில் கடல் இருக்கிறதே என்று ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே இறங்கிவிடாதீர்கள். துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர, வடக்கே கரை அரிக்கப்பட்டது. அதைத் தடுக்கப் போட்ட கருங்கல் தூண்டில் வளைவுகளைச் சுற்றிச் சுழலும் நீர், நீச்சல் தெரிந்தவரையும் பாறையில் மோதிவிடும். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும் இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவிருக்கும். எனவே வாரநாள் பயிற்சிக்கு மாநகராட்சிக் குளங்களே கதி. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதிலிருந்து, பெரியமேடு மை லேடீஸ் பூங்காக் குளத்துக்கும் மெரினா குளத்துக்கும் போய்வருவது எளிதாகிவிட்டது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்த கடலில் பழக, மாதம் இருமுறை கோவளம் பக்கம் பயிற்சியாளரோடும் துணைப் படகோடும் இறங்குங்கள். இடுப்பில் பளிச்சென்ற நிறத்தில் மிதவைப் பை கட்டாயம். அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதைக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இருவராக நீந்துவதில் ஒரு லாபம் இருக்கிறது. முன்னால் போகிறவரின் பாதத்துக்கு அரை மீட்டர் பின்னாலோ, அவருடைய இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டிலோ நீந்துகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். ஆகவே வலுவான நீச்சல்காரர் முன்னால் போகட்டும். ஆனால் திசை பார்க்கும் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டாமல், பத்து பன்னிரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை பின்னால் வருகிறவரும் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். சுவீடனில் 2006 முதல் இரண்டு இரண்டு பேராகத் தீவு தீவாக நீந்தியும் ஓடியும் கடக்கும் ஓட்டிலோ போட்டியில், ஜோடிகள் இழுவைக் கயிற்றால் தங்களைப் பிணைத்துக்கொள்வதும் உண்டு. உங்கள் போட்டியில் கயிற்றுக்கு அனுமதி உண்டா என்று கேட்காமல் அதை வாங்கிவிடாதீர்கள்.

சைக்கிளுக்கு வருவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பயிற்சி செய்வதில் வீரமும் இல்லை, பயனும் இல்லை. விடியற்காலை நாலேகாலுக்குப் புறப்பட்டு, மாதவரம் வழியாக ஜி.என்.டி. சாலையைப் பிடித்து, செங்குன்றம், காரனோடை, கும்மிடிப்பூண்டி தாண்டித் தடா வரை போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தேறும். முன்னும் பின்னும் விளக்கு, ஒளிரும் மேலாடை இல்லாமல் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஏறவே கூடாது. நமக்கு மலை கிடையாது; மூலக்கடை மேம்பாலத்தை இருபது முறை ஏறி இறங்கினாலும் அது மலையாகிவிடாது. அதற்குப் பதிலாகக் காற்றைப் பயன்படுத்துங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில், முற்பகல் கடந்து கடற்காற்று எழும்பிய பிறகு ஏரியை நோக்கி மிதித்தால், ஏற்றத்தில் போவது போலவே தொடை எரியும். ஏற்றம் முடிந்தால் இறக்கம் வரும், இங்கே அந்த ஓய்வுகூடக் கிடைக்காது.

முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிச் செல்வதைப் பற்றியும் விதிப்புத்தகத்தில் தேடுங்கள். பல டிரையத்லான்களில் அதற்குத் தடை உண்டு. ஒரே நாளில் முடியும் அயர்ன்மேன் டிரையத்லானில், தொழில்முறை வீரர்கள் அல்லாதவர்களிடம் சைக்கிள்களுக்கு இடையே 12 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். அணிக்குள் ஒட்டிச் செல்ல அனுமதி இருந்தால், நேரத்தைச் சமமாகப் பங்கிடாமல், வலுவானவர் ஆறு நிமிடமும் மற்றவர் இரண்டு நிமிடமும் முன்னால் நிற்கும்படி மாறிக்கொள்ளுங்கள்.

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துச் சாலைகளின் தனிச் சொத்து அது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உள்ளிருக்கும் எஃகுக் கம்பி மயிரிழை போலச் சாலையெங்கும் கிடக்கிறது. அது டயருக்குள் ஏறினால் வெளியே தெரியாது. விரலால் தடவினாலும் சில நேரம் சிக்காது, சிக்கினால் விரலைக் கிழிக்கும். ட்யூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நகவெட்டியால் கம்பியின் முனையைக் கவ்வி இழுத்துவிடலாம். பஞ்சும் நகவெட்டியும் என் சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருக்கும் பையில் எப்போதும் இருக்கும். ஒருவர் இதைச் செய்யும்போது மற்றவர் புது ட்யூபுக்கு லேசாகக் காற்றடித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருவரும் கடிகாரம் வைத்துப் பழகினால் ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

ஓட்டப் பயிற்சிக்குத் தனி வித்தை எதுவும் இல்லை. வெயிலுக்கு உடம்பைப் பழக்குவதுதான் வேலை. சூட்டுக்கு உடல் இசைய பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள், இடையில் குடித்ததையும் அதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். இந்த அளவு இருவருக்கும் ஒன்றாக இருக்காது. ஆகவே நண்பர் குடிக்கும் அளவைப் பார்த்து நீங்கள் குடிக்காதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும்; அது உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து இலக்கு. சைக்கிளில் வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை எனக்கு ஒத்துப்போயின. நாலு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு எதுவும் இறங்காது, அப்போது மோரும் எலுமிச்சை ஊறுகாய் தொட்ட தயிர்சாதமும் காப்பாற்றும். பயிற்சியில் சாப்பிடாத எதையும் போட்டியில் வாயில் வைக்காதீர்கள். நம்மூர் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கு மூன்று நாளும் லீவு விட்டுவிடுங்கள். வலி மாத்திரையும் வேண்டாம். நீர் வற்றிய உடலில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாதம் ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் பயிற்சி வையுங்கள்: வெள்ளி 4 கிலோமீட்டர் நீச்சலும் 70 கிலோமீட்டர் சைக்கிளும், சனி 140 கிலோமீட்டர் சைக்கிள், ஞாயிறு 35 கிலோமீட்டர் ஓட்டம். கடைசி மூன்று நாள் பயிற்சி போட்டிக்கு நான்கு வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். இந்த நாட்களில் தூரத்தைவிட இரவுகளைக் கவனியுங்கள். சைக்கிளிலிருந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சோறும் முட்டையும் அல்லது பருப்பும், பிறகு குளியல், தொடை இடுக்கையும் கால்விரல் இடுக்கையும் உலரத் துடைத்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, மறுநாள் பையைக் கட்டுவது, ஒன்பது மணிக்குப் படுக்கை என்ற வரிசை பழக்கமாகிவிட வேண்டும். இரண்டாம் நாள் இரவு வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் அந்த மாதப் பயிற்சி வீண் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சாலையில் நண்பரிடம் “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “இருக்கேன் மச்சி” என்ற பதில்தான் வரும், அவர் விழப்போகிற நிமிடத்திலும். எண்ணாகக் கேளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து பத்துக்குள் களைப்பு எவ்வளவு என்று இருவரும் சொல்ல வேண்டும். யாராவது ஏழு என்றால் அடுத்த அரை மணி வேகம் அவருடையது, வாதம் கிடையாது. துணை வண்டியில் வருகிறவர் அந்த எண்ணையும், சாப்பிட்டது, குடித்தது, சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றையும் நோட்டில் எழுதட்டும். பேச்சு குழறினாலோ, வியர்ப்பது நின்று உடல் கொதித்தாலோ, போட்டியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கே என்பதைப் புறப்படும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஆள் தூக்கம் குறைந்தால் எரிந்துவிழாதவராகவும், நீங்கள் எரிந்துவிழுந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதவராகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு நண்பரின் மைத்துனர் வாய்த்தார்.

மூன்றாம் நாள் இரவே ஊர் திரும்பத் திட்டமிடாதீர்கள். ஓடியவர்களைப் போலவே வண்டி ஓட்டியவரும் மூன்று நாள் அரைத் தூக்கத்தில் இருந்திருப்பார். அறையை நான்காம் நாள் காலை வரை எடுத்துவிட்டு, அவர் தானாக எழுந்த பிறகு கிளம்புங்கள்.