ஆகஸ்டில் அயோனியன் கடல்: நங்கூரம் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீஸின் லெஃப்காடா, மெகனிசி தீவுகளைச் சுற்றியுள்ள குடாக்களில் ஆகஸ்ட் மாலைகளில் அடிக்கடி நடப்பது இது: வாடகைப் படகு வரும், நங்கூரம் விழும், உடனே இன்ஜின் அணையும். நள்ளிரவில் அது பக்கத்துப் படகை உரசிக்கொண்டு நிற்கும்.

நெருக்கடியைப் பார்த்துச் சங்கிலியைக் குறைப்பது

"இடமில்லை, இருபது மீட்டர் போதும்" என்பார்கள். போதாது. ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது என்று வைப்போம். பல படகுகளில் அது கீலுக்கு (படகின் அடியில் நீண்டிருக்கும் பகுதி) கீழே உள்ள தண்ணீரை மட்டும் காட்டும்படி அமைத்திருப்பார்கள். படகை எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கீல் 2 மீட்டர் இறங்கியிருந்தால் உண்மையான ஆழம் 6. சங்கிலி இறங்கும் உருளை நீர்மட்டத்துக்கு 1.2 மீட்டர் மேலே இருந்தால் மொத்தம் 7.2. விட வேண்டிய சங்கிலி இதன் ஐந்து மடங்கு, அதாவது 36 மீட்டர். ஆழமானி காட்டிய நாலை மட்டும் ஐந்தால் பெருக்கி இருபது என்று விட்டவரிடம் இருப்பது மூன்று மடங்குகூட இல்லை.

காற்றில்லாதபோது அந்த இருபதே பிடித்து நிற்கும். காற்று ஏறியதும் தரையில் கிடந்த சங்கிலி நிமிர்ந்து நங்கூரத் தண்டை மேலே தூக்கும், மண்ணில் புதைந்த நங்கூர முனை பெயர்ந்துவிடும். பின்னால் நிற்பவரின் சங்கிலியையும் அது வாரிக்கொண்டு போனால் இரண்டு குடும்பத்துக்கும் தூக்கம் போச்சு.

36 மீட்டர் சங்கிலி, 12 மீட்டர் படகு என்றால் சுழலும் ஆரம் ஏறத்தாழ 48 மீட்டர். அவ்வளவு இடமில்லையா? வேறு குடாவுக்குப் போங்கள். அல்லது படகின் பின்புறத்திலிருந்து கரைப் பாறைக்குக் கயிறு கட்டுங்கள். மெகனிசியின் வடகரைக் குடாக்களில் அதுதான் வழக்கம். அப்படிக் கட்டிய படகு சுழலாது. எனவே அதன் பக்கத்தில் சுழலவிட்டு நிற்காதீர்கள்.

பிற்பகல் காற்றை மட்டும் நம்புவது

வடமேற்கிலிருந்து வீசும் மைஸ்ட்ரோ என்ற பிற்பகல் காற்று பொழுது சாயச் சாய அடங்கும். இரவில் மலைச்சரிவிலிருந்து தரைக்காற்று இறங்கினால் படகு மறுபக்கம் திரும்பும். மாலையில் தூரத்தில் முன்னால் தெரிந்த பாறை இப்போது சுக்கானுக்குக் கீழே இருக்கும்.

இழுத்துப் பார்க்காமல் இன்ஜினை அணைப்பது

ரிவர்ஸில் மெல்லத் தொடங்கி இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுழற்சிக்கு மேல் ஏற்றி, அரை நிமிடம் வைத்திருங்கள். கரையில் ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீட்டு மூலையும் ஒரே கோட்டில் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கோடு விலகினால் நங்கூரம் இழுபடுகிறது.

கரும்பச்சைத் திட்டில் போடுவது

அது பொசிடோனியா கடற்புல். நங்கூரம் பிடிக்காது, புல்லும் அழியும். வெளிர்நிற மணலைத் தேடுங்கள். அது கண்ணுக்குத் தெரிய உச்சி வெயில் வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு வருவது

இரண்டு மணிக்கு வாருங்கள்.

நங்கூர விளக்கு

போடுங்கள்.

கிழமை பார்க்காமல் இடம் தேடுவது

வாடகைப் படகுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை. வெள்ளி மாலையே அவை தளத்துக்குத் திரும்பியாக வேண்டும், சனி மாலை புதியவர்கள் லெஃப்காடாவின் நித்ரிக்கு அருகிலுள்ள குடாக்களை நிரப்பிவிடுவார்கள். சொந்தப் படகு வைத்திருப்பவர் வெள்ளி இரவுக்குக் கலாமோஸ், கஸ்டோஸ் தீவுகள் பக்கம் பார்க்கலாம்.