நானோ துகள் பற்றிக் கெட்ட செய்தி வந்தால், கையில் இருக்கும் பங்கை என்ன செய்வது?

"நானோ துகள் நுரையீரலைக் கெடுக்கும்" என்று காலையில் ஒரு செய்தி வருகிறது, மதியத்துக்குள் நீங்கள் வைத்திருக்கும் பங்கு சரிகிறது. விற்றுவிடலாமா என்று கை பரபரக்கும். ஒரு அரை மணி நேரம் பொறுங்கள், இதையெல்லாம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

படி 1: அதில் நானோ இருக்கிறதா?
1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளதைத்தான் நானோ என்கிறோம் (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு நானோமீட்டர்). 2006-ல் ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்ற ஸ்ப்ரேயை அடித்த கிட்டத்தட்ட 100 பேருக்கு மூச்சுத்திணறல் வந்தது. பிறகு சோதித்தால், அதில் நானோ துகளே இல்லை! பெயரில் மட்டும்தான் இருந்தது.

படி 2: எந்தத் துகள், என்ன வடிவம்?
இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நுரையீரலின் காற்றறைகளில் துப்புரவு வேலை பார்க்கும் செல்கள் உண்டு, தூசி வந்தால் விழுங்கி வெளியேற்றிவிடும். ஆனால் நீளமாக, விறைப்பாக இருக்கும் இழையை முழுசாக விழுங்க முடியாது, பாதியில் சிக்கிக்கொள்ளும், அந்த இடத்தில் அழற்சி தொடங்கும். ஆஸ்பெஸ்டாஸ் செய்வது இதைத்தான். 2008-ல் எலிகளின் வயிற்று உட்குழியில் கார்பன் நானோகுழாய்களை (கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்கள்) செலுத்திப் பார்த்தபோது, நீளமானவை ஆஸ்பெஸ்டாஸ் போலவே நடந்துகொண்டன, குட்டையானவையும் சுருண்டு கிடந்தவையும் அப்படிச் செய்யவில்லை. 2014-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரே வகைக் கார்பன் நானோகுழாயைத்தான் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது, அதற்காக அவை பாதுகாப்பானவை என்று அர்த்தமில்லை. சரி, உங்கள் நிறுவனம் விற்பது எந்த வகை?

படி 3: மூக்கு வரை எப்படி வரும்?
டென்னிஸ் மட்டையின் பிசினுக்குள் இறுகிப்போன நானோகுழாய், ஆடுபவரின் மூச்சில் கலக்க வழியில்லை. அதே பொருளைப் பொடியாக மூட்டையிலிருந்து கொட்டுகிறவர், மட்டையைத் தேய்த்து மெருகேற்றுகிறவர், இவர்கள் நிலைமை வேறு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பு 2013-ல் கார்பன் நானோகுழாய்க்குப் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்கு.

பொருளின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் தயாரிப்பாளரே எழுதித் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளைத் (சேஃப்டி டேட்டா ஷீட்) தேடி எடுங்கள். 16 பகுதிகள் இருக்கும், 2, 8, 11 மூன்றையும் படித்தால் போதும். எட்டாவது பகுதியில் மூடிய இயந்திரம், தூசியை உறிஞ்சும் அமைப்பு பற்றிப் பேசாமல் "முகக்கவசம் அணியவும்" என்று மட்டும் இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும், பங்குக்காக மட்டுமல்ல, அங்கே வேலை செய்கிறவர்களுக்காகவும்.

படி 4: ஆய்வா, அரசு உத்தரவா?
செய்தி ஓர் ஆய்வைப் பற்றியதா, அரசு உத்தரவைப் பற்றியதா என்று பாருங்கள். உத்தரவாகவே இருந்தாலும் அதுவும் மாறும். கிராஃபீன் (ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள்) கலந்த முகக்கவசங்களை அணிய வேண்டாம் என்று 2021 ஏப்ரலில் சொன்ன கனடா சுகாதாரத் துறை, பரிசோதித்துவிட்டு ஜூலையில் சில மாடல்களை மறுபடி அனுமதித்தது. பெயிண்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைச் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டை அதன் பொது நீதிமன்றமே 2022 நவம்பரில் ரத்து செய்தது. முதல் நாள் பதறி விற்றவருக்கு இந்தத் திருப்பங்களால் பயனில்லை.

படி 5: நிறுவனத்தின் கணக்கு
வருமானத்தில் அந்தப் பொருளின் பங்களிப்பு எவ்வளவு? அப்புறம், ஆண்டறிக்கையில் அபாயங்கள் பகுதியை எடுத்து, போன வருடத்து அறிக்கையைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். புதிதாக வழக்கு, காப்பீடு பற்றி ஒரு வாக்கியம் முளைத்திருந்தால் செய்தித் தலைப்பைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஜான்ஸ்-மேன்வில் என்ற பெரிய ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனம் 1982-ல் திவால் மனு போட்டது ஒரு நாள் செய்தியால் அல்ல, நோயுற்றவர்கள் வருடக்கணக்கில் போட்ட ஆயிரக்கணக்கான வழக்குகளால்.

கடைசியாக, முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: "ஆலைக்குள் காற்றில் துகள் அளவை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறீர்கள், கடைசி அளவு என்ன?" பதில் எண்ணோடு வந்து, அந்த எண் வரம்புக்குள்ளும் இருந்தால் நான் வைத்திருப்பேன். "பாதுகாப்புக்கு முன்னுரிமை தருகிறோம்" என்பதோடு நின்றால் விற்றுவிடுவேன்.