“என்ட பேரை வெட்டிப் போட்டாங்கள்”: இங்கிலாந்தில் பல் வைத்தியரிடம் விடக்கூடாத பிழைகள்

பெரியம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு கிரவுன் (பல்லுக்கு மேல் பூட்டும் உறை) போட அச்சு எடுத்து, தற்காலிகமாக ஒரு மூடியும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கிரவுனைப் பூட்ட வரச்சொன்ன நாளில் அவர் போகவில்லை. அடுத்துக் கொடுத்த நாளிலும் போகவில்லை. பிறகு கடிதம் வந்தது. இரண்டு தரம் சொல்லாமல் வராததால் சிகிச்சையை இத்துடன் நிறுத்துகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பெரியம்மா போனில் அழுதேவிட்டார். “பதினொரு வருசமா போற இடம். என்ட பேரை வெட்டிப் போட்டாங்கள்.”

அப்படி வெட்டலாமா? இங்கிலாந்தின் என்.எச்.எஸ் (அரச சுகாதார சேவை) பல் வைத்தியத்தில் வெட்டலாம். சரியாகச் சொல்வதானால், வெட்டுவதற்கு அங்கே ஒரு பெயர்ப் பட்டியலே இல்லை.

நம்மவர்கள் விடும் முதல் பிழை இதுதான். குடும்ப வைத்தியரான ஜி.பியிடம் பதிந்திருப்பது போலவே பல் வைத்தியரிடமும் பதிந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். 2006 ஏப்ரலில் புதிய ஒப்பந்தம் வந்ததிலிருந்து இங்கிலாந்தில் அந்தப் பதிவு கிடையாது. ஒரு சிகிச்சை தொடங்கி முடியும்வரைதான் கிளினிக்குக்கு உங்கள்மேல் பொறுப்பு. அதன்பிறகு அவர்களின் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் இருக்கும், செக்கப்புக்கு வாருங்கள் என்று மெசேஜும் வரும். அது வழக்கம், உரிமை அல்ல. ஜி.பி உங்களைப் பட்டியலில் இருந்து எடுப்பதென்றால், முந்திய 12 மாதங்களுக்குள் ஒரு தரமாவது எச்சரித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பல் வைத்தியருக்கு அப்படியொரு கட்டு இல்லை. ஸ்கொட்லாந்தில் கதை வேறு. அங்கே 2010 முதல் பதிவு ஆயுள் முழுவதற்கும் உண்டு. ஆகவே கிளாஸ்கோவில் இருக்கும் மச்சான் சொல்லும் புத்திமதியை லண்டன் ஹரோவில் இருந்துகொண்டு நம்ப வேண்டாம்.

அடுத்தது, “போகாவிட்டால் என்ன, காசா கேட்கப் போகிறார்கள்?” என்ற எண்ணம். உண்மைதான், என்.எச்.எஸ் நேரத்தைத் தவறவிட்டதற்கு அபராதம் வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. பிரைவேட்டாகப் போனால் வாங்கலாம், வாங்குகிறார்கள். ஆனால் அபராதம் இல்லை என்பதால்தான் அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது கதவை மூடுவது ஒன்றே. கிளினிக்குக்குப் பணம் வருவது யு.டி.ஏ என்ற புள்ளிக் கணக்கில். ஒரு செக்கப்புக்கு 1 புள்ளி, கிரவுன் மாதிரியான வேலைக்கு 12. நீங்கள் வராமல் கதிரை சும்மா கிடந்தால் பூச்சியம். வருட முடிவில் ஒப்புக்கொண்ட புள்ளிகளில் 96 சதவீதத்தை எட்டாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை முகத்தை நீட்டுவதற்குக் காரணம் இதுதான். எனக்கும் அந்த முகம் பிடிக்காது. ஆனாலும் கணக்குத் தெரிந்தபிறகு கோபம் கொஞ்சம் குறைந்தது.

அபராதம் இல்லாவிட்டாலும் நட்டம் உண்டு. என்.எச்.எஸ் கட்டணம் ஒரு சிகிச்சைத் தொடருக்கு ஒரு தரம். 2025 ஏப்ரலில் அதைச் செக்கப்புக்கு 27.40 பவுண், பல் அடைப்பதற்கு 75.30, கிரவுன், பல்செட் போன்றவற்றுக்கு 326.70 என்று நிர்ணயித்தார்கள். மூன்று பல் அடைக்க இருந்தாலும் அதே ஒரு கட்டணம்தான். இரண்டை அடைத்துவிட்டு மூன்றாவதுக்கு நீங்கள் போகாமல் விட்டால், அவர்கள் அந்தத் தொடரை முடிவடையாத சிகிச்சை என்று மூடிவிடலாம். மிச்சப் பல்லுக்கு வேறு இடம் போனால் அது புதுத் தொடர், திரும்பவும் கட்ட வேண்டிவரும். ஆகவே செக்கப்பைத் தவறவிடுவதைவிட நடுவழியில் தவறவிடுவதுதான் பெரிய பிழை.

இனி பெரியம்மா ஏன் போகவில்லை என்பதற்கு வருவோம். அவர் மறக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னர் பதியும்போது மகனின் போன் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். மகன் இடையில் இரண்டு தரம் நம்பர் மாற்றிவிட்டார். பூட்டும் நாளை ஆய்வுக்கூடத்தில் இருந்து கிரவுன் வந்தபிறகு முடிவு செய்து மெசேஜில் அனுப்பியிருக்கிறார்கள். அது யாரோ ஒருவருடைய போனில் போய் விழுந்தது. இதே கதையை வேறு விதமாகவும் கேட்டிருக்கிறேன். மெசேஜ் சரியான போனுக்குத்தான் வந்தது, ஆனால் “வருவதானால் Y என்று பதில் அனுப்பவும்” என்று ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்து, இது பார்சல் வந்திருக்கிறது என்று மெசேஜ் அனுப்பி ஏமாற்றும் கள்ளர்களின் வேலை என்று அம்மா அழித்துவிட்டார். நம்பர், விலாசம், ஈமெயில் மூன்றையும் வருடத்துக்கு ஒரு தரம் மேசையில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆங்கிலம் வராதவர் என்றால் அதையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் குடும்பமாகப் புக் பண்ணுவது. ஒரே பின்னேரம், நான்கு பேர், வரிசையாக நான்கு நேரம். சௌகரியம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கிளினிக்கின் கணக்கில் நான்கு தவறல். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிற குடும்பங்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அங்கே உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டால் இங்கத்தைய மெசேஜ் ஒன்றும் வராது. வரமுடியாது என்றால் முன்னரே சொன்னால் போதும், அது தவறல் ஆகாது. பல இடங்களில் 24 மணி நேரம், சில இடங்களில் 48. எத்தனை தவறலுக்குப் பிறகு நிறுத்துவார்கள் என்பதற்கும் நாடு முழுவதற்குமான எண்ணிக்கை இல்லை, ஒவ்வொரு கிளினிக்கும் வைத்திருக்கும் விதிதான். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. பிள்ளை வராவிட்டால் “வரவில்லை” என்று எழுதாமல் “கூட்டிவரப்படவில்லை” என்று குறிக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை தானாக பஸ் ஏறி வராதுதானே. சொத்தைப் பல்லும் வலியும் உள்ள பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூட்டிவராவிட்டால், அதைக் கவனிப்புக் குறைவின் அறிகுறியாகவும் பார்ப்பார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. போன் எடுத்து ஒரு காரணம் சொல்லாமல் விடுவது எங்கே போய் முடியலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பயத்தில் போகாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள், அதை வெளியே சொல்வதில்லை. வேலை, காய்ச்சல், கார் பழுது என்று எதையாவது சொல்வார்கள். ஊசிக்குப் பயம் என்று நேரடியாகச் சொன்னால் அதற்கேற்ற ஒழுங்கு செய்யலாம், தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துச் செய்யும் இடத்துக்கும் அனுப்பலாம். மறதி நோய் போன்ற ஏதாவது இருந்தால் 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்கள் செய்வது அவர்களின் கடமை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தானே.

சரி, கடிதம் வந்துவிட்டது. இப்போது விடும் பிழை, போய் மேசையில் நின்று சத்தம் போடுவது. அதோடு கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும். பல் வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் பொதுப் பல் மருத்துவ மன்றத்தின் விதிகள் உங்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கின்றன. உறவை முறிக்கும் முடிவு நியாயமானதாக, காரணம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அதை எழுத்தில் தர வேண்டும். தொடர்ந்து சிகிச்சை கிடைக்க இயன்ற ஒழுங்குகளைச் செய்ய வேண்டும். நீங்கள் முறைப்பாடு செய்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தக்கூடாது. இனம், மதம், வயது, உடல்நிலை பார்த்து மறுப்பதற்கும் என்.எச்.எஸ் ஒப்பந்தம் இடம் கொடுக்காது. அதனால் முதலில் பிராக்டிஸ் மனேஜருக்கு அமைதியாக ஒரு கடிதம். சரிவராவிட்டால் 12 மாதங்களுக்குள் முறைப்பாடு. கிளினிக்கிடம் செய்யலாம், அல்லது உங்கள் பகுதியின் என்.எச்.எஸ் சேவைகளை நிர்வகிக்கும் ஐ.சி.பி (ICB) சபையிடம் செய்யலாம், இரண்டிடமும் அல்ல. அதற்கும் மேலே, முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியான ஒம்பட்ஸ்மன். இடையில் பல் வலித்தால் என்.எச்.எஸ் 111க்கு போன் எடுங்கள். ஒரு கிளினிக் நிறுத்திவிட்டது என்பதற்காக அவசரச் சிகிச்சை கிடைக்காமல் போகாது.

பெரியம்மாவுக்காக மகன் எழுதிய கடிதத்தில் மூன்றே வரி. நம்பர் மாறியது, மெசேஜ் வரவில்லை, கிரவுனுக்குக் காசு கட்டியாயிற்று. மனேஜர் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நேரம் கொடுத்தார். பெரியம்மா ஏழே முக்காலுக்கே போய்க் கதவடியில் நின்றார்.