பழைய சோறு போடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

புரோபயாடிக் என்றால் குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள். அவை தின்னும் தீனிதான் பிரீபயாடிக்: சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் நார்ச்சத்து வகை. இரண்டையும் மாத்திரையாகத் தேடுவதற்கு முன்னால், சோழவந்தான் பக்கம் நாங்கள் காலையில் குடிக்கும் பழைய சோற்றைப் போட்டுப் பாருங்கள்.

1. இரவு புழுங்கலரிசிச் சோறு வடித்து, தட்டில் பரப்பி ஆற விடுங்கள். இந்த இடத்தில் கவனம் தேவை. வெறும் சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடும் நஞ்சு வாந்தி எடுக்க வைக்கும், திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் சோறு தண்ணீருக்குள் போய்விட வேண்டும்.

2. மானாமதுரைக் கலயம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எவர்சில்வர் போதும். காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். முதல்முறை என்றால் ஒரு ஸ்பூன் தயிர் கலக்குங்கள், சீக்கிரம் புளிக்கும். உப்பு இப்போது வேண்டாம். துணியால் வேடு கட்டி வையுங்கள்.

3. கத்திரி வெயில் காலத்தில் 8 மணி நேரம் போதும், மார்கழியில் 12 ஆகும். துணியை அவிழ்த்தால் தண்ணீர் வெளுத்து, ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் நிற்கும். முகர்ந்தால் இளம்புளிப்பு வாசம். கொழகொழப்போ, வேறு நிறமோ, ஊசிய நாற்றமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

4. சரி, இனி சாப்பாடு. கல்லுப்பு போட்டுப் பிசைந்து, மோர் ஊற்றி, வெஞ்சனத்துக்கு நாலைந்து சின்ன வெங்காயம் பச்சையாகக் கடியுங்கள். வெங்காயத்தை விட்டுவிடாதீர்கள், அதில் பிரக்டான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. ஆறிய சோற்றிலும் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறியிருக்கும். இரண்டும் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனி. அவை அதை நொதிக்க வைத்து உண்டாக்கும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள்.

பழையதைச் சூடு பண்ணாதீர்கள், நல்ல பாக்டீரியா செத்துவிடும். இட்லியும் அப்படித்தான்: மாவில் உயிரோடு இருப்பவை ஆவியில் தப்புவதில்லை. செரிப்பதற்கு இட்லி அருமையான உணவு, ஆனால் புரோபயாடிக் கணக்கில் வராது.

முதல் வாரம் ஒரு சின்னக் கிண்ணம் போதும். எடுத்தவுடன் நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும். சர்க்கரை உள்ளவர்கள் இதையும் சோற்றுக் கணக்கிலேயே வையுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், சோறு ஊறிய நீச்சத்தண்ணியை முழுக்கக் குடித்துவிடாமல் இரண்டு கரண்டி பிரிட்ஜில் எடுத்து வையுங்கள். இன்று இரவு தயிருக்குப் பதில் அதை ஊற்றலாம்.